வன்னி வீதிகளில் ஓடும் காருக்கு எவ்வளவு கருமையான டின்ட் பொருந்தும்?

கார்க் கண்ணாடியைக் கருமையாக்கும் டின்ட் தாளை ஒட்டும் கடைக்கு எல்லோரும் பகலில்தான் செல்கிறார்கள். பளிச்சென்ற வெயிலில் மாதிரித் தாள்களைப் பிடித்துப் பார்க்கும்போது மிகக் கரிய தாளின் ஊடாகவும் வெளியுலகம் தெளிவாகத் தெரிவதால், கரியதே சிறந்தது என்று முடிவெடுத்துப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அதே கார் அன்றிரவு ஒட்டுசுட்டான் பக்கம், விளக்கில்லாத சைக்கிளும் வீதியில் படுத்திருக்கும் மாடுகளும் உள்ள இருட்டில், பிரதான வீதியிலிருந்து ஒரு கிறவல் பாதைக்குள் திரும்பும்போதே அந்தத் தெரிவின் உண்மையான விலை தெரியவரும். எனவே வன்னியில் கார் வைத்திருப்பவர் கருமையின் அளவை இரவைக் கொண்டு தீர்மானித்துக்கொண்டு, வெப்பத்தைத் தாளின் தரத்தைக் கொண்டு சமாளிக்க வேண்டும். கீழுள்ள படிகள் அந்த ஒழுங்கிலேயே செல்கின்றன.

முதற்படி: எண் எதைச் சொல்கிறது

டின்ட் தாள்கள் 70, 50, 35, 20, 5 என்ற எண்களால் குறிக்கப்படுகின்றன. இவ்வெண், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எத்தனை வீதம் தாளைக் கடந்து உள்ளே வருகிறது என்பதைக் குறிக்கும். ஆகவே எண் குறையக் குறையக் கருமை கூடும். 70 வீதத் தாள் ஏறக்குறையத் தெளிந்த கண்ணாடி போல இருக்கும், 5 வீதத் தாளுக்கு வெளியே நிற்பவருக்கு உள்ளே எதுவுமே தெரியாது. சில கடைகளில் இதைத் தலைகீழாக, "80 வீதம் கறுப்பு" என்று சொல்வதுண்டு. அவர்கள் சொல்லும் 80, தடுக்கப்படும் ஒளியின் அளவு. உள்ளே வருவது 20 வீதம் மட்டுமே. விலை பேசுவதற்கு முன் எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

தாளின் எண் மட்டும் இறுதி எண் அன்று. காரில் பொருத்தப்பட்டு வரும் கண்ணாடியே ஓரளவு ஒளியைத் தடுக்கிறது. இலேசான பச்சைச் சாயல் கொண்ட சாதாரணப் பக்கக் கண்ணாடி ஏறத்தாழ 75 முதல் 80 வீத ஒளியையே விடும். இரண்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். 75 வீதக் கண்ணாடியில் 50 வீதத் தாளை ஒட்டினால் உள்ளே வருவது 37.5 வீதம், 35 வீதத் தாளை ஒட்டினால் 26 வீதம், 20 வீதத் தாளை ஒட்டினால் 15 வீதம். ஒளி அளக்கும் கருவியும் உங்கள் கண்ணும் காண்பது இந்தப் பெருக்குத் தொகையையே என்பதால், கடைக்காரர் சொல்லும் எண்ணைக் கேட்ட உடனேயே மனதுக்குள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: அனுமதியை முதலில் கேட்டறிதல்

இலங்கையில் வாகனக் கண்ணாடிகள் மோட்டார் வாகனச் சட்டத்துக்கும் அதன் கீழுள்ள ஒழுங்குவிதிகளுக்கும் உட்பட்டவை. ஆகவே தாளை வாங்குவதற்கு முன், மாவட்டச் செயலகத்தில் இயங்கும் மோட்டார் போக்குவரத்துப் பிரிவில், முன் கண்ணாடி, முன் கதவுகள், பின் கதவுகள், பின் கண்ணாடி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இன்றைய நிலையில் எவ்வளவு அனுமதி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "எல்லோரும் ஒட்டுகிறார்கள்" என்ற கடைக்காரரின் சொல் வீதியில் எடுபடாது. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி வரிசையில் நின்று சோதனைக்கு உட்பட்ட காலத்தை அறிந்தவர்களுக்கு, உள்ளே இருப்பவர் தெரியாத வாகனம் எப்படிப் பார்க்கப்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு உறவினர்களின் ஆலோசனையும் கவனத்தோடு கேட்கப்பட வேண்டியது. ஐக்கிய இராச்சியத்தில் முன் கண்ணாடி 75 வீதமும் முன் கதவுக் கண்ணாடிகள் 70 வீதமும் ஒளி விட வேண்டும். பின்பக்கத்துக்கு அத்தகைய வரம்பு இல்லை. நமது கார்கள் பல இறக்குமதியாகி வரும் ஜப்பானிலும் முன்பக்கத்துக்கு 70 வீதமே வரம்பு. இந்தியாவிலோ உச்ச நீதிமன்றம் 2012 இல் எந்த அளவிலான தாளையும் ஒட்டக்கூடாது என்று தீர்ப்பளித்தது. இவ்வெண்களில் எதுவும் இங்கே சட்டமாகாது. ஆயினும் சாரதியின் இரு பக்கங்களும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதில் தெரு விளக்குகள் நிறைந்த நாடுகள்கூட இறுக்கமாக இருப்பது கவனிக்கத்தக்கது. லண்டனிலிருந்து விடுமுறைக்கு வரும் மைத்துனர் கொண்டுவந்து தரும் தாள்ச் சுருளின் தரம் நன்றாகவே இருக்கலாம். அதன் கருமை பின் கதவுக்கென்று அவர் வாங்கியதா, முன் கதவுக்கென்று வாங்கியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இப்போதுள்ள கண்ணாடியைப் பரிசோதித்தல்

ஜப்பானிலிருந்து வந்த வான்களிலும் சில கார்களிலும் பின் கதவுகளும் பின் கண்ணாடியும் தொழிற்சாலையிலேயே கருமையூட்டப்பட்டு வருகின்றன. அக்கருமை கண்ணாடிக்குள்ளேயே இருப்பதால் நகத்தால் சுரண்டினால் எதுவும் கிளம்பாது. இவ்வகைக் கண்ணாடி பொதுவாக 20 முதல் 30 வீத ஒளியையே விடும். அதன்மேல் 50 வீதத் தாளை ஒட்டினால் 12 வீதத்துக்கு இறங்கிவிடும். 35 வீதத் தாளை ஒட்டினால் இரவில் பின்னே பார்ப்பதையே மறந்துவிடலாம்.

கைமாறி வந்த வாகனமாயின், பக்கக் கண்ணாடியைப் பாதியளவு இறக்கி அதன் மேல் விளிம்பை உற்றுப் பாருங்கள். முன்னரே தாள் ஒட்டப்பட்டிருந்தால் விளிம்புக்குச் சற்றுக் கீழே மெல்லிய கோடொன்று தெரியும். பழைய தாளின் மேல் புதிய தாளை ஒட்ட ஒருபோதும் சம்மதிக்கக்கூடாது. ஒளி அளக்கும் சிறு கருவி கடையில் இருந்தால் ஒவ்வொரு கண்ணாடியையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். கருவி இல்லாத இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைக் கண்ணாடிக்குப் பின்னால் பாதி மறையும்படி பிடித்து, மறைந்த பகுதிக்கும் மறையாத பகுதிக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து ஒரு மதிப்பீட்டுக்கு வரலாம்.

நான்காம் படி: நீங்கள் ஓடும் வீதியையும் நேரத்தையும் கணக்கில் எடுத்தல்

பொதுவான வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருப்பதில்லை; நமக்கோ இதுவே முக்கியமானது.

ஏ9 வீதி வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏறக்குறைய நேர் வடக்காகச் செல்கிறது. காலையில் வவுனியாவிலிருந்து புறப்பட்டு, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி கடந்து கிளிநொச்சிக்கு வேலைக்குச் செல்பவருக்குக் கிழக்கு வெயில் வலப்பக்கத்தில், அதாவது சாரதியின் கையிலும் கன்னத்திலும் விழும். மாலையில் அவர் தெற்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு வெயிலும் அதே வலப்பக்கத்திலேயே விழும். கிளிநொச்சியில் குடியிருந்து வவுனியாவுக்கு வேலைக்குச் சென்று வருபவருக்கோ இரு வேளையும் இடப்பக்கமே சுடும். சாரதி தப்பிக்க, பக்கத்தில் இருப்பவர் வேகுவார். ஒரே வீதியில் ஒரே காரை ஓட்டும் இருவருக்கு டின்ட் பற்றிய அனுபவம் முற்றிலும் மாறுபடுவதற்கு இதுவே காரணம்.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ34 வீதி பெரும்பாலும் கிழக்கு நோக்கியது. காலையில் அவ்வழியே செல்பவருக்கும் மாலையில் அவ்வழியே திரும்புபவருக்கும் சூரியன் நேர் முன் கண்ணாடியில் நிற்கும். பக்கக் கண்ணாடிகளை எவ்வளவு கருமையாக்கினாலும் அந்தக் கூச்சம் குறையாது. கண்ணாடிக்கு மேலுள்ள வெயில் மறைப்பானும், கண்ணில் அணியும் நல்ல வெயில் கண்ணாடியும், உட்புறம் எண்ணெய்ப் படலம் இல்லாமல் துடைக்கப்பட்ட முன் கண்ணாடியுமே அங்கே உதவும். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அப்போது சூடேறுவது கூரையும் சரிந்திருக்கும் முன் கண்ணாடியுமே தவிர, செங்குத்தாக நிற்கும் பக்கக் கண்ணாடிகள் அல்ல.

இனி இரவு. நகரங்களைக் கடந்துவிட்டால் நமது வீதிகளில் நீண்ட தூரத்துக்கு விளக்குகள் இல்லை. பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டி, அறுவடைக் காலத்தில் வீதியோரம் காய்ந்துகொண்டிருக்கும் நெல்லும் அதைச் சுற்றி வைக்கப்பட்ட கற்களும், காட்டோரப் பகுதிகளில் குறுக்கிடும் யானை ஆகியவை யாவும் இருட்டோடு இருட்டாகவே நிற்கும். நேரே முன்னால் உள்ளவை முன் விளக்கின் வெளிச்சத்தில் தெளிந்த முன் கண்ணாடி வழியாகத் தெரியும். பக்கத்திலிருந்து வருபவை விளக்கின் வீச்சுக்கு வெளியே உள்ளதால், முன் கதவுக் கண்ணாடி வழியே வரும் சொற்ப ஒளியைக் கொண்டே அவற்றைக் காண வேண்டும். பலர் கவனிக்கத் தவறும் இன்னொன்று, பின்னால் வருவதைக் காட்டும், வெளியே உள்ள பக்கவாட்டுக் கண்ணாடிகளையும் நாம் முன் கதவுக் கண்ணாடியின் ஊடாகவே பார்க்கிறோம் என்பதாகும். முன் கதவைக் கருமையாக்கினால் பின்னால் வரும் விளக்கில்லாத மோட்டார் சைக்கிளும் சேர்ந்தே மறைந்துபோகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீற்றர் நகர்கிறது. ஒரு விநாடி தாமதமாகக் கண்டால் அத்தனை தூரம் கையைவிட்டுப் போய்விடும்.

மாரி காலத்தில் பகலே மங்கிவிடுவதையும், தை மாதத்து அதிகாலைப் பனிமூட்டத்தையும், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் செம்புழுதி கண்ணாடியில் படிவதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். புழுதிப் படலம் தானும் ஒரு டின்ட் போலவே ஒளியைக் குறைக்கும். சாரதி ஐம்பது வயதைக் கடந்தவராகவோ, கண்புரை தொடங்கியவராகவோ இருந்தால், கீழே தரப்படும் எண்களை இன்னும் ஒரு படி தெளிவானதாக மாற்றிக்கொள்வதே பொருத்தம்.

ஐந்தாம் படி: ஒவ்வொரு கண்ணாடிக்கும் எண் குறித்தல்

எல்லாக் கண்ணாடிகளுக்கும் ஒரே தாள் என்பது கடைக்கு வசதியான முறை. காருக்கு ஏற்ற முறை அன்று. நான் கீழே தருபவை இரவிலும் ஓடும் ஒரு குடும்பக் காருக்கானவை. நீங்கள் கேட்டறிந்த சட்ட வரம்பு இவற்றைவிட இறுக்கமானதாக இருந்தால் அதுவே செல்லும்.

முன் கண்ணாடியில் எதையும் ஒட்டாமல் விடலாம். ஒட்டுவதாயின், கண்ணாடியோடு சேர்ந்து 70 வீதத்துக்குக் குறையாத, பார்வைக்கு நிறமற்ற வெப்பத் தடுப்புத் தாளை மட்டுமே, அதுவும் அனுமதி இருந்தால் மாத்திரம், ஒட்ட வேண்டும். காரின் மிகப் பெரிய, மிகச் சரிந்த கண்ணாடி இதுவாகையால், இங்கே ஒட்டப்படும் தெளிந்த தரமான தாள் பின்பக்கத்தில் ஒட்டப்படும் கரிய தாளைவிடக் கூடுதலான வெப்பத்தைக் குறைக்கக்கூடும். மேல் விளிம்பில் "அம்மா துணை" என்று எழுதி ஒட்டும் பட்டை உயரமான சாரதியின் பார்வையில் இறங்காத அளவுக்கு ஒடுங்கியதாக இருக்கட்டும். அம்மாவும் அதையே விரும்புவார்.

முன் கதவுகளில் கண்ணாடியும் தாளும் சேர்ந்து விடும் ஒளி 70 வீதத்தை ஒட்டி இருப்பதே சிறப்பு. 78 வீதக் கண்ணாடியில் அதை அடைய 90 வீதத் தாள் வேண்டும்; அத்தகைய தெளிந்த தாள்கள் விலை கூடியவை, ஆனால் இருக்கின்றன. வரம்பு இடம் கொடுத்தாலும், இரவில் ஓடும் காரில் மொத்தத்தை 50 வீதத்துக்குக் கீழே கொண்டுசெல்வதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பின் கதவுகளில் தாராளமாக இருக்கலாம். சாதாரணக் கண்ணாடியாயின் 50 வீதத் தாள் போதும். பாலூட்டும் தாய்க்கும் உறங்கும் குழந்தைக்கும் மறைவு தேவைப்பட்டால் 35 வீதத் தாள் வரை இறங்கலாம். அதற்கும் கீழே செல்வதால் கிடைப்பது தோற்றம் மட்டுமே. தொழிற்சாலைக் கருமையுடைய கண்ணாடியாயின் கருமையைத் தொடாமல், 70 வீதத்துக்கு மேற்பட்ட தெளிந்த வெப்பத் தடுப்புத் தாளை ஒட்டலாம்; ஏனெனில் அந்தக் கண்ணாடி ஒளியைத் தடுக்கும் அளவுக்கு வெப்பத்தைத் தடுப்பதில்லை. மாணவர்களை ஏற்றும் வான்களிலும் வாடகை வான்களிலும், உள்ளே இருப்பவர் வெளியே தெரிவதே பயணிகளுக்குப் பாதுகாப்பு என்பதால், 50 வீதத் தாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பின் கண்ணாடியைத் தீர்மானிக்கும்போது நமது வளவுகளை நினைத்துப் பாருங்கள். இரவில் படலைக்குள் இருந்து பின்னோக்கி எடுக்கும்போது பின்னே குழந்தையோ, நாயோ, சாய்த்து வைத்த சைக்கிளோ இருக்கலாம். பின்புறக் கமெரா இருப்பவர்களும் அதை முழுவதும் நம்பக்கூடாது. கிறவல் வீதியில் சிறிது தூரம் ஓடினாலே அதன் வில்லையைப் புழுதி மூடிவிடும். சாதாரணக் கண்ணாடியாயின் 50 வீதத் தாளே இங்கு பாதுகாப்பான எல்லை. பின்னால் வரும் வாகனத்தின் ஒளி கூசுகிறது என்பதற்காகக் கருமையாக்குபவர்கள், உட்புறப் பின்பார்வைக் கண்ணாடியின் கீழுள்ள சிறு நெம்பைத் தள்ளி இரவு நிலைக்கு மாற்றிப் பார்த்தால் போதும்.

ஆறாம் படி: வெப்பத்துக்காகத் தாளின் வகையைத் தெரிதல்

சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் பாதிக்குச் சற்று மேற்பட்டது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 44 வீதம், புற ஊதாக் கதிர் 3 வீதமளவே. எனவே கருமை மட்டும் கூடிய தாள், தெரியும் பங்கைக் குறைத்துவிட்டுத் தெரியாத பெரும் பங்கை உள்ளே விட்டுவிடக்கூடும்.

மலிவான சாயத் தாள் ஒளியை உறிஞ்சித் தானே சூடாகி, அச்சூட்டின் ஒரு பகுதியை உள்ளேயே விடும். சில ஆண்டு வெயிலில் ஊதா நிறமாகிக் குமிழிகளும் எழும். உலோகப் படலமுள்ள தாள் வெப்பத்தை நன்கு திருப்பிவிடும். ஆயின் கைத்தொலைபேசி, வழிகாட்டிக் கருவி ஆகியவற்றின் சமிக்ஞையையும் குறைக்கும். தொலைபேசிக் கோபுரங்கள் ஐதாக உள்ள காட்டோரப் பகுதிகளில் வாழ்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். காபன் தாள் நிறம் மங்காது, சமிக்ஞையைக் கெடுக்காது, விலையும் நடுத்தரமானது. செராமிக் தாள் தெளிவாக இருந்துகொண்டே அகச்சிவப்பைத் தடுக்கும். முன்பக்கத்துக்கு அதையே தெரிவு செய்ய வேண்டும். பணம் மட்டுப்பட்டதாயின் முன் கதவுகளுக்குச் செராமிக்கும் பின்பக்கத்துக்குக் காபனும் ஒட்டுவது, கார் முழுவதும் சாயத் தாள் ஒட்டுவதைவிட நீண்ட காலத்துக்குப் பயன் தரும்.

கடையில் ஒரு சூட்டு விளக்கின் முன் தாளைப் பிடித்து, மறுபக்கம் கையை வைக்கச் சொல்வார்கள். அவ்விளக்கு உமிழ்வதில் மிகப் பெரும்பகுதி அகச்சிவப்பே ஆகையால், தாள் வெயிலில் செய்யப்போவதைவிட அங்கே சிறப்பாகத் தோன்றும். "அகச்சிவப்பில் 95 வீதம் தடுக்கும்" என்ற எண்ணும் குறுகிய அலைவரிசையொன்றில் மட்டும் அளக்கப்பட்டதாக இருக்கலாம். மொத்தச் சூரிய ஆற்றலில் எத்தனை வீதம் தடுக்கப்படுகிறது என்ற எண்ணைக் கேளுங்கள். தரமான நிறுவனங்கள் அதைத் தமது பட்டியலில் அச்சிட்டிருக்கும். புற ஊதாவைப் பொறுத்தவரை, நல்ல தெளிந்த தாளே 99 வீதம் தடுத்துவிடும். அதற்காகக் கருமை தேவையில்லை.

நிறுத்தி வைத்த காரை எந்தத் தாளும் குளிர்ச்சியாக வைத்திராது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அது சூடேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. வேம்பு நிழலும், முன் கண்ணாடிக்கு ஒரு வெயில் மறைப்பும், புறப்படும் முன் கதவுகளைத் திறந்து வெப்பக் காற்றை வெளியேற்றுவதும் கருமையைவிட அதிகம் உதவும்.

ஏழாம் படி: இருட்டில் சோதித்த பின்னரே ஒட்டுதல்

நீங்கள் தெரிவு செய்த தாளிலும், அதைவிட ஒரு படி தெளிந்த தாளிலும் ஒரு கொப்பித் தாளளவு துண்டுகளைக் கடையில் கேட்டுப் பெறுங்கள். கொடுக்க மறுக்கும் கடையில் ஒட்டாமல் விடுவதால் நட்டமில்லை. வீட்டில், முன் கதவுக் கண்ணாடியின் உட்புறத்தில் பக்கவாட்டுக் கண்ணாடி தெரியும் பகுதியைச் சவர்க்கார நீரால் நனைத்துத் துண்டைப் படிய வையுங்கள். அது ஒட்டாமல் நிற்கும், பின்னர் எடுத்துவிடலாம்.

நன்றாக இருட்டிய பின், வளவிலோ வாகனம் வராத ஓர் ஒழுங்கையிலோ காரை நிறுத்தி, உள் விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும் வரை சில நிமிடங்கள் காத்திருங்கள். கடும் நிற உடுப்பணிந்த ஒருவரை, விளக்கில்லாத சைக்கிளை உருட்டிக்கொண்டு, காருக்குப் பின்னால் இருபது முப்பது அடி தூரத்திலிருந்து பக்கவாட்டாக நடந்து வரச் சொல்லுங்கள். தாள் உள்ள பக்கத்தில் அவர் எப்போது தெரிகிறார், தாள் இல்லாத பக்கத்தில் எப்போது தெரிகிறார் என்று ஒப்பிடுங்கள். அவ்வாறே பின் கண்ணாடியிலும் துண்டை வைத்து, பின்னோட்ட விளக்கு எரிய, தரையில் வைத்த ஒரு வாளி தெரிகிறதா என்று பாருங்கள். காரை அதிகம் ஓட்டுபவர் எவரோ அவரே இருக்கையில் அமர வேண்டும். மகனின் கண்ணுக்குத் தெரிவது தந்தையின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

எட்டாம் படி: ஒட்டும் நாளும் அதன் பின்னரும்

புழுதியே ஒட்டு வேலையின் முதல் எதிரி. வீதியோரத் திறந்த கொட்டகையில், சோளகம் வீசும் பிற்பகலில் ஒட்டப்படும் தாளுக்குள் மணல் துகள்கள் சிக்குவது உறுதி; மூடிய அறையும் காலை வேளையும் பொருத்தமானவை. காரை முதல் நாளே கழுவிக் கொடுங்கள், கதவு இறப்பர்களுக்குள் படிந்த செம்மண்ணையும் கழுவச் சொல்லுங்கள்.

பின் கண்ணாடியில் மெல்லிய செம்பு நிறக் கோடுகள் இருந்தால் அவை பனிப்படலம் நீக்கும் மின்கம்பிகள்; சில கார்களில் வானொலி அலைவாங்கியும் அங்கேயே பதிந்திருக்கும். பழைய தாளைக் கழற்றுபவர் அங்கே பிளேட்டைப் பயன்படுத்தினால் கம்பி அறுந்துவிடும். நீராவியாலோ சூட்டுக் காற்றாலோ பசையை இளக்கி, மெதுவாக உரிக்க வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

ஒட்டிய பின் மூன்று முதல் ஐந்து நாள்களுக்குப் பக்கக் கண்ணாடிகளை இறக்கக்கூடாது. மாரியில் ஒட்டினால் ஒரு வாரம் பொறுப்பது நல்லது. தொடக்கத்தில் தெரியும் மங்கலும் சிறு நீர்க் குமிழிகளும் உலர உலர மறையும், ஊசி குத்தி வெளியேற்றத் தேவையில்லை. உள்ளே மணல் துகளுள்ள குமிழி மட்டும் மறையாது. அதைக் காட்டி அந்தக் கண்ணாடியை மாற்றி ஒட்டச் சொல்லலாம். துடைப்பதற்கு மென்மையான துணியும் இலேசான சவர்க்கார நீரும் போதும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவங்கள் தாளைப் பழுதாக்கும். தாளின் நிறுவனப் பெயர், ஒளி விடும் வீதம், ஒட்டிய திகதி ஆகியவை எழுதப்பட்ட பற்றுச்சீட்டை வாகன வருமான அனுமதிப் பத்திரத்தோடும் காப்புறுதிப் பத்திரத்தோடும் சேர்த்துக் காரிலேயே வைத்திருங்கள். சோதனையில் கேட்டால் காட்டலாம், உத்தரவாதக் காலத்துக்குள் தாள் நிறம் மாறினால் கடையிலும் அதுவே தேவைப்படும்.